மின்மாற்றிக்குள் ஓர் ஒளியிழை

400 கிலோவோல்ட் மின்மாற்றியின் தொட்டிக்குள் பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் இருக்கும். அதில் மூழ்கிய செப்புச் சுருள்கள், ஒவ்வொரு சுற்றின் மேலும் அடுக்கடுக்காகச் சுற்றிய காகிதம், சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே அழுத்திச் செய்த கனத்த அட்டை. அவ்வளவு பெரிய மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்பது மரக்கூழிலிருந்து வந்த இந்தக் காகிதமும் அட்டையும், அவற்றில் ஊறிய எண்ணெயும்தான். ஊறுவது முக்கியம். எண்ணெய் புகாத ஓர் இடம், ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள குமிழி, அட்டைக்குள் தங்கிவிட்டால் போதும். தொல்லை அங்கே தொடங்கிவிடும்.

ஏன் அங்கே? மாறுதிசை மின்னழுத்தம் பல பொருள்களுக்குக் குறுக்கே விழும்போது அது சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒப்புமை விடுதிறன் குறைந்த பொருளின் மேல்தான் மின்புலம் அதிகமாக விழும். எண்ணெய் ஊறிய அட்டைக்கு அந்த எண் சுமார் 4.4, எண்ணெய்க்கு 2.2, வாயுவுக்கு 1. ஆகவே, மின்புலத்துக்குக் குறுக்கே தட்டையாகக் கிடக்கும் குமிழிக்குள் மின்புலம் சுற்றியுள்ள அட்டையில் இருப்பதைவிட நாலு மடங்குக்கு மேல் போகும். வாயுவோ இவற்றுள் மிக நோஞ்சான். சாதாரணக் காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோவோல்ட் வரைதான் தாங்கும். நல்ல எண்ணெயும் அட்டையும் அதைப்போலப் பல மடங்கு தாங்கும். வலுவில்லாதவன் தலையிலேயே கூடுதல் சுமை. வாயு முறிகிறது, குமிழிக்குள் ஒரு பொறி ஓடுகிறது. சுற்றியுள்ள அட்டை அப்படியே நிற்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே முழுப் பாதை திறக்கவில்லை, வழியின் ஒரு பகுதி மட்டும் முறிந்தது. இதைத்தான் பகுதி மின்னிறக்கம் என்கிறார்கள்.

வாயு எந்த மின்னழுத்தத்தில் முறியும் என்பது அதன் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்று ஜெர்மானிய இயற்பியலர் ஃப்ரீட்ரிக் பாஷன் 1889இல் காட்டினார். காற்றில் சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழே எந்த இடைவெளியிலும் இப்படிப் பொறி ஓடாது. வீட்டு 230 வோல்ட் மின்சுற்றில் இந்தக் கவலை பெரிதாக இல்லாததற்கும், கிலோவோல்ட்டுகள் ஓடும் இடத்தில் தூக்கம் கெடுவதற்கும் காரணம் இதுவே.

ஒரு தடவை பொறி ஓடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. அது சில நானோநொடிதான் நீடிக்கும். அதில் இடம்பெயரும் மின்னூட்டத்தைப் பிக்கோகூலோமில் அளக்கிறார்கள். ஒரு கூலோமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எலக்ட்ரான் கணக்கில் ஒரு பிக்கோகூலோம் சுமார் 62 லட்சம். ஆனால் நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்தக் குமிழி மறுபடி முறியலாம். ஒரு நாளில் இது எத்தனை லட்சம் தடவை நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அட்டையில் நடக்கும் சேதத்தை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். அட்டையின் மேற்பரப்பில் மின்னிறக்கம் ஊர்ந்தால் முதலில் கருக்கல் தெரிவதில்லை, வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. மின்னிறக்கத்தின் சூட்டில் அட்டையின் நுண்துளைகளில் இருந்த எண்ணெய் ஆவியாகி வெளியேறுகிறது. எண்ணெய் போன இடம் உலர்ந்து வெளுக்கிறது. உலர்ந்த இடத்தில் வாயு, வாயு இருக்கும் இடத்தில் மேலும் மின்னிறக்கம். கோடுகள் கிளைவிட்டு நீளும். காகிதநார் கரியாக மாறுவது அதற்குப் பிறகுதான். கரி மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கரிக்கிளை எதிர்முனையைத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் பகுதி என்ற சொல்லுக்கு வேலையில்லை, முழு மின்னோட்டமும் அந்த வழியே பாயும். வெள்ளைக் கோட்டிலிருந்து அந்தக் கடைசி நொடி வரை நீளும் அவகாசம் நாள்களாகவும் இருக்கலாம், மாதங்களாகவும் இருக்கலாம். அந்த அவகாசத்துக்குள் விஷயம் நமக்குத் தெரிந்தால் மின்மாற்றியை நிறுத்தலாம், சரிசெய்யலாம்.

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. மின்னிறக்கம் நான்கு விதத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது: மின் துடிப்பு, ரேடியோ அலை, வாயு, ஒலி. கொஞ்சம் ஒளியும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். மின் துடிப்பை அளப்பதே மூத்த முறை. தொழிற்சாலையில் புது மின்மாற்றியை அதன் வழக்கமான மின்னழுத்தத்தைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் மின்னிறக்கம் 250 பிக்கோகூலோமைத் தாண்டக்கூடாது என்கிறது 2013இல் திருத்தப்பட்ட பன்னாட்டுத் தரம். ரேடியோ அலை எதுவும் புகாமல் உலோகத் தகடு போர்த்திய கூடத்தில் நடக்கும் சோதனை அது. அதே மின்மாற்றியைத் துணை மின்நிலையத்தில் நிறுவிய பிறகு அப்படிப்பட்ட அமைதி கிடைக்காது. மேலே போகும் கம்பிகளில் கொரோனா மின்னிறக்கம், பக்கத்தில் சுவிட்சுகள் திறந்து மூடும் அதிர்ச்சி, ஊரெல்லாம் பரவும் வானொலி அலை. தொட்டிக்குள் எழும் சின்னத் துடிப்பு இவற்றில் அமுங்கிப்போகும்.

வாயு நம்பகமான சாட்சி. மின்னிறக்கம் எண்ணெயைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகி எண்ணெயிலேயே கரைகிறது. எண்ணெய் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் எத்தனை பங்கு ஹைட்ரஜன், எத்தனை பங்கு அசிட்டிலீன் என்று சொல்லிவிடுவார்கள். இந்தச் சாட்சியிடம் இரண்டு குறைகள். எந்த இடத்தில் என்று சொல்லாது. எப்போது என்று கேட்டால், மாதிரி எடுத்த நாள் வரைக்கும்தான் சொல்லும்.

மாதிரி எடுத்தும் பயனில்லாமல் போனதற்கு அண்மை உதாரணம் லண்டனில் இருக்கிறது. 2025 மார்ச் 20ஆம் தேதி இரவு, ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மின்சாரம் தரும் நார்த் ஹைட் 275 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில் ஒரு மின்மாற்றி தீப்பிடித்தது. மறுநாளின் பெரும்பகுதி விமான நிலையம் முடங்கிக் கிடந்தது. மின்மாற்றியின் உச்சியில் கம்பி நுழையும் புஷ்ஷிங்கின் மின்காப்பு தகர்ந்ததே காரணம். பெரும்பாலும் உள்ளே ஈரம் புகுந்ததால் அது நேர்ந்திருக்கிறது என்று அந்நாட்டு மின் அமைப்பு இயக்க நிறுவனம் ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. அந்த புஷ்ஷிங்கின் எண்ணெயில் ஈரம் மிகுந்திருப்பது 2018 ஜூலையிலேயே மாதிரியில் தெரிந்திருந்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஈரம் ஏறிய காகிதத்தில் மின்னிறக்கம் குறைந்த மின்னழுத்தத்திலேயே தொடங்கும் என்பது துறையில் எல்லோரும் அறிந்தது. நார்த் ஹைட்டில் அப்படி ஏதும் பதிவானதாக நான் சொல்லவில்லை. ஏழு ஆண்டுப் பழைய தாளில் தூங்கும் ஓர் எண்ணுக்கும், இப்போது இந்த நிமிடம் உள்ளே பொறி ஓடுகிறது என்று திரையில் வரும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் சொல்கிறேன். பின்னதைத் தள்ளிப்போட யாருக்கும் அவ்வளவு எளிதில் மனம் வராது.

அந்தச் செய்தியைத் தர ஒலி ஏற்றது. பொறி ஓடும்போது வாயு சட்டென்று சூடேறி விரிகிறது. எண்ணெயில் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அதன் அதிர்வெண் பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலி. மின்மாற்றியின் இரைச்சல் என்று நாம் கேட்பது இரும்பு உள்ளகம் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அதிரும் ஒலி. அது வேறு தளத்தில் நிற்பதால் இரண்டையும் பிரித்தெடுக்கலாம். இப்போது பரவலாகச் செய்வது, அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பீசோ படிக உணரிகளைத் தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டிவைப்பது. விலை மலிவு, வேலையும் எளிது. ஆனால் எண்ணெயிலிருந்து எஃகுக்குத் தாவும்போது ஒலியின் பெரும்பங்கு திரும்பி உள்ளேயே போய்விடும். மழை பெய்தால், காற்றில் மணல் வந்து மோதினால், அதுவும் உணரிக்குக் கேட்கும். இன்னொரு சிக்கல் இன்னும் பெரிது. எண்ணெயில் ஒலி நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர் போகும். எஃகில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே சுவரின் வேறோர் இடத்தில் மோதிய ஒலி எஃகு வழியே குறுக்கே ஓடி, எண்ணெயில் நேராக வரும் ஒலியை முந்திவந்துவிடும். நேரத்தை வைத்து இடம் கணக்கிடுபவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

உணரியை உள்ளேயே வைத்துவிட்டால் என்ன? பீசோ படிகத்துக்கு மின்முனை வேண்டும், கம்பி வேண்டும். உயர் மின்புலம் உள்ள இடத்தில் ஓர் உலோகக் கம்பியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதன் நுனியிலேயே மின்புலம் குவிந்து, இல்லாத மின்னிறக்கத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம். உள்ளே போகத் தகுதி உள்ளது கண்ணாடிதான். ஒளியிழை என்பது சிலிக்காக் கண்ணாடி. 125 மைக்ரோமீட்டர் பருமன், நடுவே ஒளி ஓடும் உள்ளகம் ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர். மின்சாரத்தைக் கடத்தாது. ரேடியோ அலையை ஏற்காது. எண்ணெயில் கரையாது.

செய்தி அனுப்பக் கண்ணாடி இழை போதும் என்று சார்லஸ் காவோ 1966இல் வாதிட்டபோது அவர் நினைத்தது தொலைபேசியை. பதினொரு ஆண்டு கழித்து, 1977இல், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் அதே இழை கடலுக்கடியில் ஒலியை உணரும் என்று காட்டினார்கள். மின்மாற்றிக்குள் அது நுழைந்தது 1980களில், ஒலிக்காக அல்ல, சுருளின் மிகச் சூடான இடத்தின் வெப்பநிலையை அளக்க. அந்த வேலையில் கிடைத்த ஒரு பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. இழையைக் காக்க டெஃப்லான் உறை போடுகிறார்கள். மூடிய உறையாக இருந்தால் உள்ளே காற்று சிறைப்பட்டு, காவலுக்கு வந்த உணரியே குமிழியைச் சுமந்துகொண்டு நிற்கும். அதனால் உறையைச் சுருளாகச் சுற்றியோ நீளக் கீறியோ விடுகிறார்கள். தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி எண்ணெய் நிரப்பும்போது இழை வரை எண்ணெய் போய்ச் சேரும்.

ஒலி கேட்கும் உணரிகளில் அதிகம் பேசப்படுவது ஃபேப்ரி–பெரோ வகை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் மார்செய் நகரில் சார்லஸ் ஃபேப்ரியும் ஆல்ஃப்ரெட் பெரோவும் செய்த குறுக்கீட்டுமானியின் பெயர் அது. வடிவம் எளிமையானது. இழையின் வெட்டிய நுனி ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நிற்கிறது. அதற்கு எதிரே, சில பத்து மைக்ரோமீட்டர் இடைவெளியில், மெல்லிய சிலிக்காச் சவ்வு. 1,550 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளி வருகிறது. இழை நுனியில் நூற்றில் மூன்று நான்கு பங்கு திரும்புகிறது, சவ்விலிருந்தும் அதே அளவு திரும்புகிறது. இரண்டும் இழைக்குள் சந்திக்கும்போது அலையின் முகடும் முகடும் சேர்ந்தால் ஒளி கூடும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் மங்கும். சவ்வு 390 நானோமீட்டர் நகர்ந்தால் போதும், உச்ச வெளிச்சம் முழு மங்கலாகிவிடும். மீயொலி வந்து மோதும்போது சவ்வு நகர்வது அதைவிட மிகமிகக் குறைவு. ஆனாலும் ஒளியின் ஏற்ற இறக்கத்தில் அது தெளிவாகத் தெரியும். சவ்வின் பருமனையும் விட்டத்தையும் தேர்ந்தெடுத்து, அதன் இயல்பு அதிர்வெண்ணை மின்னிறக்கம் பேசும் 100–200 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொண்டுவரலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழு இத்தகைய உணரியை மின்மாற்றிக்காகவே செய்து 2001இல் வெளியிட்டது.

காகிதத்தில் அழகாக இருக்கும் இது தொட்டிக்குள் இறங்கும்போது சிரமம் தருகிறது. ஒளி கூடிக் குறையும் வளைவின் சரிவான நடுப்பகுதியில் இடைவெளி நின்றால்தான் சிறு அசைவு பெரிதாகத் தெரியும். எண்ணெய் காலையில் 40 டிகிரி, மாலை நேரச் சுமையில் 80 டிகிரி. குழாய் சற்று நீள்கிறது. இயங்கும் புள்ளி சரிவிலிருந்து உச்சிக்கு நகர்ந்துவிட்டால் உணரி ஏறக்குறையச் செவிடாகிவிடும். லேசரின் அலைநீளத்தைத் தொடர்ந்து சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெயின் எடையும் சவ்வை உள்ளே வளைக்கிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறையக் கால் வளிமண்டல அழுத்தம். குழாயில் ஒரு துளை போட்டு எண்ணெயை உள்ளே விட்டால் அழுத்தம் சமமாகிவிடுமே என்று தோன்றும். சமமாகும். ஆனால் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47, சிலிக்காவுக்கு 1.44. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருந்தால் ஒளி அங்கே திரும்புவதே இல்லை என்று சொல்லலாம். திருப்ப வேண்டுமென்றால் சவ்வில் உலோகப் பூச்சு பூச வேண்டும். உலோகத்தை உள்ளே விடக்கூடாது என்பதற்காகத்தானே கண்ணாடிக்கு வந்தோம்! ஒவ்வொரு ஆய்வுக்குழுவும் இந்த முடிச்சைத் தன் வழியில் அவிழ்க்கப் பார்க்கிறது. முழுதாக அவிழ்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

பிராக் கீற்றணி என்பது இன்னொரு வழி. இழையின் உள்ளகத்திலேயே, சீரான இடைவெளியில் ஒளிவிலகல் எண்ணை ஏற்றி இறக்கி எழுதினால் அது ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும். கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் 1978இல் இதைக் கண்டார். இழை நீண்டால் திரும்பும் அலைநீளம் மாறும். ஒரே இழையில் வேறு வேறு அலைநீளங்களுக்குப் பல கீற்றணிகளை எழுதலாம் என்பது இதன் பெரும் வசதி. ஆனால் மீயொலிக்கு வரும்போது நீளம் குறுக்கே நிற்கிறது. 150 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எண்ணெயில் ஒன்பது மில்லிமீட்டர் சொச்சம். சாதாரணக் கீற்றணியின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. ஒலி இழையின் நெடுக வந்தால் கீற்றணியின் ஒரு பாதி அமுங்கும்போது மறுபாதி விரியும், மொத்தத்தில் ஒன்றும் நடக்காததுபோல் ஆகிவிடும். அதனால் கீற்றணியை மிகக் குட்டையாகவோ, நடுவில் ஒரு கட்ட மாற்றத்தை வைத்துச் செயல்படும் நீளத்தைச் சுருக்கியோ எழுதுகிறார்கள்.

ஒளிக்கு வருகிறேன். மின்னிறக்கம் காற்றில் நிகழ்ந்தால் நைட்ரஜன் 300 முதல் 400 நானோமீட்டருக்குள் புற ஊதாவில் ஒளிரும். சாதாரண இழையின் பக்கவாட்டில் விழும் ஒளி மறுபக்கம் வழியே வெளியே போய்விடும், உள்ளே தங்காது. ஒளிரும் சாயம் கலந்த பிளாஸ்டிக் இழை அந்தப் புற ஊதாவை விழுங்கி, தன்னுள்ளேயே வேறு நிற ஒளியாக எல்லாத் திசையிலும் உமிழும். அதில் ஒரு பங்கு முழு அக எதிரொளிப்பில் சிக்கி இழையின் கடைசி வரை ஓடும். எஸ்.எஃப்.6 என்ற மின்காப்பு வாயு நிரப்பிய உலோகக் குழாய்களுக்குள் அமைந்த சுவிட்ச் நிலையங்களுக்கு இது நல்ல பொருத்தம்: உள்ளே இருட்டு, வாயுவோ தெளிவானது. சென்னை ஐ.ஐ.டி.யின் உயர் மின்னழுத்த ஆய்வகத்திலும் மின்மாற்றி எண்ணெயில் நிகழும் மின்னிறக்கத்தை இத்தகைய இழையாலும் ரேடியோ அலை முறையாலும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஓடும் மின்மாற்றிக்குள் இது சரிப்படுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காகிதச் சுற்றுகளுக்குள் ஒளிந்து நடக்கும் மின்னிறக்கத்தின் வெளிச்சம் வெளியே வராது. ஆண்டுகள் போகப்போக எண்ணெயும் பழுப்பேறும். பிளாஸ்டிக் இழை 80 டிகிரிக்கு மேல் தாங்குவதும் கடினம்.

நிலத்தடி உயர் மின்னழுத்தக் கேபிள்களில் கதை வேறு. பல கேபிள்களில் வெப்பநிலை அறிய ஒளியிழையும் சேர்த்தே பதிக்கிறார்கள். அந்த இழைக்குள் லேசர் துடிப்புகளை அனுப்பி, கண்ணாடியிலிருந்து இயல்பாகவே சிதறித் திரும்பும் ஒளியைப் படித்தால், கிலோமீட்டர் கணக்கில் எந்த மீட்டரில் அதிர்வு என்று சொல்லலாம். அப்படியானால் இதையே வைத்துக் கேபிளின் மின்னிறக்கத்தையும் கேட்டுவிடலாம் என்று விளம்பரங்கள் தோன்றச் செய்யும். கணக்கு ஒத்துக்கொள்ளாது. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோநொடி ஆகும். பத்துக் கிலோமீட்டருக்கு 100 மைக்ரோநொடி. முதல் துடிப்பு திரும்பிய பிறகே அடுத்ததை அனுப்ப முடியும் என்பதால் நொடிக்கு 10,000 துடிப்புகள்தான். அதைக் கொண்டு 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வையே சரியாகப் பதிய முடியும். மின்னிறக்கத்தின் மீயொலி அதற்கு வெகு மேலே. கேபிள் முழுவதுமாக முறிந்த இடத்தைக் காண இந்த முறை அருமையானது. முறியுமுன் எழும் முணுமுணுப்புக்கு அல்ல. கேபிளில் மின்னிறக்கம் அதிகம் வருவது இணைப்புகளிலும் முனைகளிலும். அங்கே மட்டும் பல மீட்டர் இழையைச் சுருளாகச் சுற்றித் தனிக் குறுக்கீட்டுமானியாக வைப்பதே பலன் தரும்.

மின்மாற்றிக்குத் திரும்பினால், உள்ளே நாலைந்து ஒளியிழை உணரிகள் இருந்தால் இடத்தையும் சொல்லிவிடலாம். மின்னலைப் பார்த்துவிட்டு இடி எப்போது வருகிறது என்று எண்ணுவதுபோல, ரேடியோ அலை வந்த கணத்தைத் தொடக்கமாக வைத்து ஒலி வந்து சேரும் நேரத்தை அளக்கிறார்கள். எண்ணெயில் ஒலி ஒரு மைக்ரோநொடிக்கு 1.4 மில்லிமீட்டர் போகும். 700 மைக்ரோநொடி தாமதம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். எண்ணெய் சூடானால் ஒலியின் வேகம் குறையும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மின்னழுத்தம் ஒரு முறை ஏறி இறங்கும் 20 மில்லிநொடிக்குள் துடிப்புகள் எங்கே விழுகின்றன என்பதும் தடயம்தான். கூர்முனையில் எழும் கொரோனா உச்சத்தைச் சுற்றிக் கூடும். அட்டைக்குள் இருக்கும் குமிழி மின்னழுத்தம் ஏறும் சரிவிலேயே தொடங்கிவிடும்.

ஒலியால் ஒன்று மட்டும் முடியாது. எத்தனை பிக்கோகூலோம் என்று அது சொல்லாது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நடக்கும் பெரிய மின்னிறக்கம் மெல்லக் கேட்கும். உணரிக்கு முன்னால் நடக்கும் சிறியது உரக்கக் கேட்கும். தொழிற்சாலையின் 250 பிக்கோகூலோம் போல ஓர் எல்லைக்கோட்டை இங்கே கிழிக்க முடியாததால், வாங்குபவர்கள் தயங்குகிறார்கள். எல்லைக்கோடு தேவையில்லை என்பது என் எண்ணம். போன மாதம் அமைதியாக இருந்த மூலையில் இந்த மாதம் ஒலி எழுகிறது, அது வாரத்துக்கு வாரம் கூடுகிறது என்பதே ஒரு பொறியாளருக்குப் போதுமான காரணம்.

விலையும் தடையாக நிற்கிறது. இழை மலிவு, லேசரும் அதன் ஒளியைப் படிக்கும் கருவியும் மலிவல்ல. ஆனால் ஒரே கருவி பல இழைகளைப் படிக்கும். பழுதானால் தொட்டியைத் திறக்காமல் வெளியிலேயே மாற்றலாம். முப்பது நாற்பது ஆண்டு உள்ளேயே கிடக்கப்போவது இழை மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் மின்மாற்றியில் எண்ணெய் வடிகுழாய் வால்வு வழியே ஒன்றிரண்டு உணரிகளைச் செருக முடியும், அவ்வளவே. சுருள்களுக்கு அருகே நல்ல இடங்களில் வைக்க வேண்டுமென்றால் மின்மாற்றியைக் கட்டும்போதே வைத்தாக வேண்டும். வெப்பநிலை இழைகளுக்காகப் பல புதிய மின்மாற்றிகளின் தொட்டிச் சுவரில் எண்ணெய் கசியாத இணைப்புத் தட்டு ஒன்றை இப்போதே பொருத்துகிறார்கள். அதில் இன்னும் நாலைந்து துளைகளைக் கூடுதலாக விட்டு, சுருள்களின் மேலும் கீழும் ஒலி உணரிகளுக்கு இடம் குறித்து, மின்மாற்றியை ஆர்டர் செய்யும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே மின்வாரியங்கள் இதைக் கேட்கலாம். லேசர் கருவியைப் பிறகு, கையில் காசு சேரும்போது வாங்கிக்கொள்ளலாம்.